பியூயிக்கின் சேவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் ரொமாண்டிக் காலத்து (18ஆம் நூற்றாண்டின் கடைசி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) விலங்குப் படங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால் நான் கடைசியில் வந்து நிற்பது ஒரு சேவலிடம்தான். மரக்கட்டையில் படம் செதுக்கிய தாமஸ் பியூயிக் 1797இல் வெளியிட்ட பறவைப் புத்தகத்தில் இருக்கும் வீட்டுச் சேவல். படத்தைப் பார்த்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

எந்தப் படம் இது? எவ்வளவு பெரியது?

‘பிரிட்டிஷ் பறவைகளின் வரலாறு’ என்ற புத்தகம் இரண்டு பாகங்களாக வந்தது. நிலத்துப் பறவைகள் 1797இல், நீர்ப் பறவைகள் 1804இல். முதல் பாகத்தில் கோழி இனங்கள் வரும் பகுதியில் இந்தச் சேவல் இருக்கிறது. தலைப்பில் ஆங்கிலப் பெயரோடு, உயிரினங்களை வகைப்படுத்திப் பெயர் வைத்த அறிஞர் லின்னேயஸ் கொடுத்த லத்தீன் பெயரும் இருக்கும். அவர் கோழியை ஃபெசன்ட் பறவையோடு ஒரே பேரினத்தில் சேர்த்திருந்தார், அதனால் ‘ஃபேசியானஸ் காலஸ்’.

படம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கறுப்பு மை, வெள்ளைத் தாள், அவ்வளவுதான். சேவல் நிற்கிறது, கொண்டை, தாடி, வளைந்து விழும் வால் இறகுகள், கால் முள், எல்லாம் இருக்கிறது, பின்னால் மங்கலாகப் பண்ணைச் சூழல். முதல் பார்வையில் பெரிதாக எதுவும் தோன்றாது. கொஞ்ச நேரம் கண்ணை அங்கேயே வைத்திருந்தால்தான் கழுத்து இறகும் முதுகு இறகும் எவ்வளவு வேறு வேறாக இருக்கின்றன என்பது தெரிய ஆரம்பிக்கும்.

பியூயிக் யார்?

1753இல் இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லேண்டில், டைன் நதிக்கரைக்கு அருகே செர்ரிபர்ன் என்ற சின்னப் பண்ணை வீட்டில் பிறந்தவர். அப்பா கொஞ்சம் நிலம் வைத்திருந்தார், ஒரு சிறிய நிலக்கரிச் சுரங்கமும் நடத்தினார். பையன் படிப்பைவிட வரைவதில்தான் குறியாக இருந்தான். தாள் கிடைக்காதபோது சாக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைக் கற்களிலும் தேவாலய முகப்புத் தரையிலும் வீட்டு அடுப்பங்கல்லிலும் வரைந்தான். 1767இல், பதினான்கு வயதில், நியூகாசிலில் ரால்ஃப் பீல்பி என்ற செதுக்குவேலைக்காரரிடம் ஏழு ஆண்டு பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்கள். வெள்ளிச் சாமான்களில் பெயர் பொறிப்பது, முத்திரை வெட்டுவது, கடை ரசீதுக்குத் தலைப்பு வெட்டுவது, எது வந்தாலும் செய்யும் பட்டறை அது. பீல்பிக்கு மரத்தில் வேலை செய்யப் பிடிக்காது. அதனால் மரவேலை முழுக்கப் பையனிடம் வந்து சேர்ந்தது.

பயிற்சி முடிந்த பிறகு லண்டன் போனார், பிடிக்கவில்லை, ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்து பீல்பிக்கே பங்காளி ஆனார். 1790இல் நாலுகால் விலங்குகள் பற்றிய புத்தகம் வந்து பெயர் வாங்கியது, அதற்கு அடுத்துத்தான் பறவைகள். 1828இல் இறந்தார். ஓவிங்கம் தேவாலயத்து மண்ணில்தான் புதைத்திருக்கிறார்கள், சிறுவயதில் அவர் படித்த ஊர் அது.

எல்லாரும் தினம் பார்க்கிற சேவலை எதற்குப் பறவைப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும்?

எனக்கு இந்தப் படம் இவ்வளவு பிடித்ததற்கே காரணம் இதுதான். பறவை நூல் என்றால் அப்போதெல்லாம் அபூர்வமானதும் தூர தேசத்திலிருந்து வந்ததும்தான் பெருமை. பணக்காரர்கள் பாடம் செய்த, அதாவது செத்த பிறகு பஞ்சடைத்துப் பாதுகாத்த பறவைகளைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்தார்கள், செப்புத் தகட்டில் வெட்டிக் கையால் வண்ணம் தீட்டிய பெரிய பெரிய புத்தகங்கள் அவர்களுக்காகவே வந்தன. குப்பைமேட்டைக் கிளறும் சேவலுக்கு அங்கே யார் நேரம் ஒதுக்குவார்கள்?

பியூயிக் ஒதுக்கினார். கழுகுக்குக் கொடுத்த அதே உழைப்பைச் சேவலுக்கும் கொடுத்தார், ஒரு கோடு கூடக் குறைக்கவில்லை. அவர் மனதில் இருந்த வாசகர்களில் சிறுவர்கள் முக்கியமானவர்கள். சுற்றியிருக்கும் உயிர்களை இளம் வயதிலேயே கவனித்துப் பார்க்கப் பழக வேண்டும் என்று அவர் உண்மையாகவே விரும்பினார். சேவல் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றுதான் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தால், வால் இறகு வளைந்து விழும் இடத்தில் வெளிச்சம் எப்படி நழுவுகிறது என்பதை அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கவனிக்கும். அபூர்வப் பறவையின் படத்தைச் சரிபார்க்க முடியாது, நம்பத்தான் வேண்டும். சேவல் படத்தில் தவறு இருந்தால் பண்ணையில் வேலை செய்யும் பெண் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். அந்த வகையில் எல்லாவற்றையும்விட கடினமான படம் இதுதான்.

ரொமாண்டிக் காலம் என்றால் புயல், மலை, இடிந்த கோட்டை என்றுதானே சொல்வார்கள்? சேவல் எப்படி அதில் சேரும்?

புயலும் மலையும் அதன் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கிராமத்தில் கண்முன்னே இருக்கும் சாதாரண உயிரையும் மனிதரையும் முழு மரியாதையோடு பார்ப்பது. வேர்ட்ஸ்வொர்த் கவிதைகளில் செய்துகொண்டிருந்தது இதைத்தான், பியூயிக்கைப் பாராட்டி 1800இல் வந்த ஒரு கவிதையை அவர் தொடங்கியதும் தற்செயலாக நடந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. 1847இல் வந்த சார்லட் பிரான்டேயின் ‘ஜேன் ஐர்’ நாவலின் முதல் அத்தியாயத்தில் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சிறுமி ஜேன் படிப்பது பியூயிக்கின் பறவைப் புத்தகம்தான்.

அவர் பறவைகளைக் கொன்றுதான் வரைந்தாரா?

பறவையை நன்றாகப் பார்க்க அந்தக் காலத்தில் சுடுவதைத் தவிர வழி குறைவு. அவருக்கும் நண்பர்களும் வாசகர்களும் புதிதாகச் சுட்ட பறவைகளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அவர் கையால் கொன்றது பற்றித் தன் நினைவுக் குறிப்பில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். சிறுவயதில் மரத்தின் மேல் கல் எறிந்தார், ஒரு புல்ஃபின்ச் குருவி விழுந்தது, கையில் எடுத்தபோது உயிரோடு இருந்தது, ஏன் என்னைக் கொன்றாய் என்று கேட்பதுபோல் முகத்தைப் பார்த்தது. தான் கொன்ற கடைசிப் பறவை அதுதான் என்கிறார்.

பாடம் செய்த பறவைகளோடு அவருக்கு ஏற்பட்ட அனுபவத்தையும் சொல்ல வேண்டும். 1791இல் விக்லிஃப் என்ற ஊருக்குப் போய் இரண்டு மாதம் தங்கினார். அங்கே மார்மடியூக் டன்ஸ்டால் என்ற செல்வந்தர் சேர்த்து வைத்த பறவைகள் இருந்தன, அவர் முந்தைய ஆண்டு இறந்திருந்தார். பியூயிக் உட்கார்ந்து வரைந்து தள்ளினார். ஊருக்கு வந்து, புதிதாகக் கிடைத்த பறவைகளோடு வைத்துப் பார்த்தால் பாடம் செய்தவை எவ்வளவு விறைத்துப்போயிருக்கின்றன என்று புரிந்தது. பஞ்சடைத்தவன் நினைத்த இடத்தில் கழுத்து திரும்பியிருக்கும், இறகுகள் அடுக்குக் குலைந்திருக்கும். வரைந்தவற்றில் பலவற்றை ஒதுக்கிவிட்டு நேரில் கிடைக்கும் பறவைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். வேலை ஆறு வருடம் இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பண்ணையில் வளர்ந்தவருக்குச் சேவல் விஷயத்தில் இந்தக் காத்திருப்பே தேவையில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பறவை அது, நிற்கும்போது எடை எந்தக் காலில் விழுகிறது என்பது வரை தெரியும். படத்தில் உள்ள சேவல் தரையில் அழுந்தி நிற்பது போலத் தோன்றுவது அதனால்தான் என்பது என் எண்ணம்.

இது வரைந்ததா, அச்சடித்ததா? எப்படிச் செய்தார்?

இரண்டும்தான். முதலில் தாளில் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் சிறியதாக, புத்தகத்தில் வரவேண்டிய அளவிலேயே வரைவார். பிறகு அந்தத் தாளை மரக்கட்டையின் மேல் வைத்து ஓரங்களைக் கீழே மடித்துப் பிடித்துக்கொண்டு முக்கியக் கோடுகளை மரத்துக்கு மாற்றுவார். மிஞ்சியிருக்கும் பல வரைபடங்களில் அந்த மடிப்புத் தடம் இன்றும் தெரிகிறது. அச்சில் படம் இடம் வலம் மாறி வரும் என்பதால் தாளில் பறவை ஒரு பக்கம் பார்த்தால் புத்தகத்தில் மறுபக்கம் பார்க்கும்.

மரம்தான் இங்கே விஷயமே. பாக்ஸ்வுட் என்ற மரம், மெதுவாக வளர்வது, இழை மிக நெருக்கமானது. அதற்கு முன்னால் மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுத்துக் கத்தியால் வெட்டுவார்கள். இழைக்குக் குறுக்கே கத்தி போனால் பிசிறும், அதனால் படம் தடித்த கோடுகளாகத்தான் வரும், தெருவில் விற்கும் பாட்டுத் தாள்களுக்கு அது போதும். பியூயிக் மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில், செம்பில் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் கூர்மையான செதுக்குளியால் செதுக்கினார். அந்த முகத்தில் எந்தத் திசையிலும் உளி ஓடும், முடி அளவுக் கோடும் நிற்கும். இந்த முறையை அவர்தான் கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை, அவருக்கு முன்பே இருந்தது. இதால் என்னவெல்லாம் செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். பாக்ஸ்வுட் மரம் பருமனாக வளராது, அதனால் படங்களும் சின்னதாகவே இருக்கின்றன.

அப்புறம் அவர் யோசித்த விதம். செதுக்கிய இடத்தில் மை படாது, அது வெள்ளையாக வரும். செதுக்காத இடம் கறுப்பு. அதாவது கட்டை முழுக்க இருட்டிலிருந்து தொடங்குகிறது, ஒவ்வொரு உளிக் கோடும் வெளிச்சத்தைக் கொண்டு வருகிறது, சிலேட்டில் சாக்குக் கட்டியால் வரைவது மாதிரி. பழைய ஆட்கள் கறுப்புக் கோடு வேண்டும் என்பதற்காக இரண்டு பக்கமும் மரத்தை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது இவர் வெள்ளைக் கோட்டாலேயே நேரடியாக வரைந்தார். சேவலின் கரிய வால் இறகுக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது: கறுப்பை அப்படியே விட்டுவிட்டு, வளைவின் மேல் பளபளப்புக்கு மட்டும் சில மெல்லிய கோடுகள்.

பின்னணி மட்டும் எப்படி மங்கலாக வருகிறது? மை ஒன்றுதானே?

ஒரே மைதான். பின்னணி வரும் இடத்தில் கட்டையின் மேற்பரப்பைச் செதுக்குவதற்கு முன்பே கொஞ்சம் சுரண்டித் தாழ்த்திவிடுவார். அச்சு இயந்திரத்தில் அந்த இடத்துக்கு அழுத்தம் குறையும், மை லேசாகப் பிடிக்கும், தூரத்துக் கூரையும் மரமும் சாம்பல் நிறத்தில் பின்வாங்கி நிற்கும். சேவல் இருக்கும் இடம் முழு உயரத்தில் இருப்பதால் கறுப்பு அழுத்தமாக விழும். தாழ்த்தும் அளவு கொஞ்சம் கூடினால் படமே பதியாது, அவ்வளவு நுணுக்கமான கைக்கணக்கு.

செப்புத் தகட்டில் செய்திருந்தால் இன்னும் நுணுக்கமாக வந்திருக்காதா?

வந்திருக்கலாம், ஆனால் யார் வாங்கியிருப்பார்கள்? செப்புத் தகட்டுக்குத் தனி இயந்திரம், தனித் தாள், தனிக் கூலி, தகடும் சீக்கிரம் தேயும். மரக்கட்டையை ஈய எழுத்துகளின் உயரத்துக்கே வெட்டிவிட்டால் எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் ஒரே அழுத்தத்தில் வந்துவிடும். ஒரு செய்தித்தாளுக்காகத் தான் வெட்டிய சின்னக் கட்டை ஒன்று 9 லட்சம் பிரதிகளுக்கு மேல் தாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். சரியான படம் உள்ள புத்தகம் நடுத்தர வீட்டுக்குள் வர முடிந்தது இதனால்தான், பின்னால் 19ஆம் நூற்றாண்டு முழுக்கப் படப் பத்திரிகைகள் இந்த முறையைத்தான் பிடித்துக்கொண்டன.

சேவலுக்கு வண்ணம் இல்லாமல் எப்படி? சேவலின் அழகே நிறம்தானே.

நியாயமான கேள்விதான். வண்ணம் இல்லாததால் அவர் வேறொன்றைத் தேட வேண்டியிருந்தது, இறகின் தன்மை. படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கழுத்திலிருந்து கீழே வாருங்கள். கழுத்து இறகுகள் நீளமாக, நுனி கூர்மையாக ஒன்றன்மேல் ஒன்று விழும். மார்பில் கோடுகள் குறுகி வட்டமாகின்றன. இறக்கையில் விறைப்பான நேர்கோடுகள். வாலில் நீண்ட வளைவுகள். கொண்டைக்கும் தாடிக்கும் கோடே கிடையாது என்று சொல்லலாம், சதை என்று தெரிய வேண்டும் என்பதால் அங்கே புள்ளிகள் போன்ற சின்ன வெட்டுகள். நிறம் இருந்திருந்தால் நம் கண் சிவப்பையும் பொன்னையும் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கும். சில பிரதிகளில் பிற்கால உரிமையாளர்கள் வண்ணம் பூசியிருக்கிறார்கள். பூசியதில் அந்த வெள்ளைக் கோடுகள் எல்லாம் மூழ்கிப் போகின்றன, எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

அது சண்டைச் சேவலா?

பண்ணைச் சேவல் என்றுதான் புத்தகம் சொல்கிறது. ஆனால் அந்தக் கேள்வி சும்மா வரவில்லை. நியூகாசில் சுற்றுவட்டாரம் சேவல் சண்டைக்குப் பேர்போனது, சுரங்கத் தொழிலாளி முதல் பிரபு வரை பந்தயம் கட்டுவார்கள். சண்டைக்கு விடும் சேவலின் கொண்டையையும் தாடியையும் முன்கூட்டியே வெட்டிவிடுவார்கள், எதிரி கொத்திப் பிடிக்க இடம் இருக்கக் கூடாது என்று, காலில் உலோக முள் கட்டுவார்கள். விலங்கு வதை பியூயிக்குக் கடைசிவரை கோபத்தைக் கிளப்பிய விஷயம், கிழக் குதிரைகளை அடித்து வேலை வாங்குவதைப் பற்றி அவர் வரைந்தவை மனதைப் பிசையும். இங்கிலாந்தில் சேவல் சண்டைக்கு எதிரான சட்டம் 1835இல் வந்தது, அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து.

இன்றைய கோழிகளோடு ஒப்பிட்டால் இந்தச் சேவல் எப்படி?

இந்தப் படத்துக்கு வரலாற்று மதிப்பும் உண்டு, கோழி வளர்ப்பவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடம் இது. 1840களில் சீனாவிலிருந்து கொச்சின் என்ற இனத்தைப் போன்ற பெரிய, கால் வரை இறகு மூடிய கோழிகள் இங்கிலாந்துக்கு வந்தன. விக்டோரியா ராணியே வளர்க்கத் தொடங்க, நாடே கோழிப் பைத்தியம் பிடித்து அலைந்தது. 1845இல் லண்டன் விலங்குப் பூங்காவில் கோழிக் கண்காட்சி நடந்தது, 1865இல் எந்த இனம் எப்படி இருக்க வேண்டும் என்ற தரவிதிகள் அச்சில் வந்தன. அதன்பிறகு கோழிகளின் உருவமே மாறிவிட்டது. பியூயிக் செதுக்கியது இதற்கெல்லாம் முந்திய கோழி, யாரும் பரிசுக்காக வளர்க்காத, முற்றத்தில் தானாகத் தீனி தேடித் தின்ற கோழி. நம் கிராமத்து நாட்டுக்கோழியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சேவல் அந்நியமாகத் தெரியாததற்குக் காரணம் அதுதான்.

நம் பக்கத்துக் கோழிக்கும் அதற்கும் உறவு உண்டா?

வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் கால், மஞ்சள் தோல் கொண்ட கோழிகளில் அந்த நிறத்துக்கான மரபணு தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் விடியலில் கூவுகிற அதே பறவை.

வேறு பண்ணைப் பறவைகளும் இருக்கின்றனவா?

வான்கோழி, மயில், கினிக்கோழி முதல் பாகத்தில். வாத்துகள் இரண்டாம் பாகத்தில். ஆனால் தேடிப் பார்க்க வேண்டியது அத்தியாய முடிவில் மிச்சமிருக்கும் இடத்தில் அவர் வைத்த குட்டிப் படங்களை. அங்கேதான் கிராமம் முழுக்க வந்து இறங்குகிறது: ஆற்றில் தொப்பியால் தண்ணீர் மொண்டு குடிப்பவர், மழையில் நனையும் கிழவர், கால் இழந்த சிப்பாய். ஒன்றில் துவைத்த துணி காயப்போட்ட இடத்தில் கோழிகள் ஏறி நடந்து கால் தடம் பதித்திருக்கின்றன, திறந்து கிடக்கும் கதவு வழியாகப் பன்றிகளும் உள்ளே வருகின்றன, வீட்டுக்காரப் பெண் இன்னும் கவனிக்கவில்லை. பெரிய படத்தில் கம்பீரமாக நின்ற அதே இனம் இங்கே ஒரு பெண்ணின் அரை நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. பண்ணைப் பறவையோடு உண்மையிலேயே வாழ்ந்தவரால்தான் இரண்டையும் வரைய முடியும்.

புத்தகத்தில் எழுதியதும் அவர்தானா?

முதல் பாகத்தின் வாசகங்களை எழுதத் தொடங்கியது பீல்பி, பியூயிக் நிறையத் திருத்திச் சேர்த்தார். ஆசிரியர் என்று யார் பெயரைப் போடுவது என்பதில் மனக்கசப்பு வந்து, புத்தகம் வெளியான கையோடு பங்காளித்தனம் முடிந்தது. இரண்டாம் பாகத்தை பியூயிக் தானே எழுதினார்.

அசல்களை எங்கே பார்க்கலாம்?

வரைபடங்கள் ஏராளமாக நியூகாசிலில் இருக்கின்றன, நார்தம்ப்ரியா இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பொறுப்பில். மகள் இசபெல்லா 1883இல் இறக்கும்வரை அப்பாவின் வேலைகளைக் கட்டிக் காத்தார், அவர் விட்டுச்சென்றதால்தான் இவ்வளவு மிஞ்சியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உண்டு. செர்ரிபர்ன் வீடு இப்போது பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் பழைய பதிப்புகளின் ஸ்கேன்களைப் பார்க்கலாம். பல பதிப்புகள் இருக்கும், முடிந்தவரை முதல் பதிப்பைத் தேடுங்கள், கட்டைகள் புதிதாக இருந்தபோது அடித்தது என்பதால் மெல்லிய கோடுகள் பிரிந்து தெரியும்.

பழைய அச்சு ஒன்று விற்பனைக்கு வருகிறது. அசலா என்று எப்படிப் பார்ப்பது?

நல்ல பூதக்கண்ணாடி ஒன்று போதும். சாம்பல் நிறப் பகுதிகள் சீரான புள்ளி வரிசைகளாக உடைந்தால் அது பிற்காலப் புகைப்பட அச்சு, மேலே பேச வேண்டியதில்லை. கறுப்பு எங்கும் ஒரே மாதிரி அடர்த்தியாக, கோடுகளின் விளிம்பு தெளிவாக இருந்தால் கட்டையிலிருந்து நேரடியாக வந்திருக்கலாம். தாளின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், எழுத்து அழுந்திய தடம் இருக்க வேண்டும், புத்தகத்திலிருந்து கிழித்த பக்கம் என்றால் மறுபக்கத்திலும் எழுத்து இருக்கும். ஆனால் கட்டைகள் அவர் இறந்த பிறகும் அச்சுக்குப் போயின, அதனால் மரக்கட்டை அச்சு என்று தெரிந்த உடனே 1797 என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் பதிப்பின் ஸ்கேனைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, சேவலின் கழுத்து இறகு நுனிகளையும் பின்னணியின் மங்கலையும் ஒப்பிடுங்கள். தேய்ந்த கட்டையில் அந்த இரண்டு இடமும்தான் முதலில் கலங்கும். இன்னொன்று, முழுப் புத்தகத்தைப் பிரித்துப் பக்கம் பக்கமாக விற்பவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை பிரித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.